ஜீப்பை உயர்த்தியாச்சு... ஷாஃப்ட் சம்மதிச்சுதா?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். திருப்பூரிலிருந்து தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையம் தாண்டி, அப்புச்சி தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஸ்டீயரிங்கில் பெரியம்மா பையன், எனக்கு அண்ணன். பக்கத்தில் அண்ணி, அவர் மடியில் நாலு வயசுப் பாப்பா. பின்னால் நானும் ரெண்டு மூட்டை மாட்டுத் தீவனமும்.

ஒரு வேகத்தடைக்காக வண்டியை மெதுவாக்கிய அண்ணன், ஏறி இறங்கியதும் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி இரும்பு ரோட்டில் உராயும் சத்தம். இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. லேசான ஏற்றம் என்பதால் மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. அண்ணன் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். அதுவும் பிடிக்கவில்லை. காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே, "கல்லு... ஒரு கல்லு எடுத்து வை!" என்று கத்தினார். நான் குதித்து ஓடி, ரோட்டோரம் கிடந்த கல்லைப் பின் டயருக்கு அண்டக் கொடுத்தேன்.

குனிந்து பார்த்தால், இன்ஜின் பக்கத்திலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட், முன் முனை கழன்று தார் ரோட்டில் கிடந்தது. யூ.ஜே. கிராஸ் உடைந்திருந்தது. மூணு மாசத்தில் மூணாவது கிராஸ்!

இந்தப் பத்தியில் போன வாரம் மழைக்கால டயர்களைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் அந்த ஷாஃப்ட்டைப் பற்றி. அதைவிட, அதை உடைத்த நாலு இன்ச் ஷேக்கிளைப் பற்றி.

அப்புச்சி ஜீப்பும் தீபாவளி போனஸும்

அந்த ஜீப் எங்கள் அப்புச்சியுடையது. பழைய மஹிந்திரா. தேங்காய் ஏற்ற, கரண்ட் மோட்டாரை கட்டி எடுத்துப்போக, பிரசவ வலி வந்தவர்களை தாராபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்று ஊருக்கே உழைத்த வண்டி. அப்புச்சி போன பிறகு மாட்டுக்கொட்டகையில் ஐந்து வருஷம் தூங்கியது.

அண்ணன் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வாரம் ஆறு நாளும் ஷிப்மென்ட், சாம்பிள், பையர் மெயில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனுஷன். போன வருஷ தீபாவளி போனஸை அப்படியே ஜீப்பில் போட்டார். பெயின்ட், டிங்கர் வேலை, பெரிய டயர். எல்லாவற்றுக்கும் மேலே 'லிஃப்ட்'. அதாவது வண்டியின் பாடியும் சேசிஸும் வழக்கத்தைவிட உயரமாக நிற்கும்படி ஸ்பிரிங் அமைப்பை மாற்றுவது.

திருப்பூர், பல்லடம், காங்கேயம், உடுமலை பக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஆசை புதுசு இல்லை. தோட்டத்துக்குப் போகும் மண் பாதை, வாய்க்கால் மேடு, மழை பெய்தால் உளை. ஜீப் இங்கே முதலில் வேலைக்காரன், அப்புறம்தான் பொழுதுபோக்கு. 2020 அக்டோபரில் புது தார் வந்த பிறகும், 2023-ல் ஜிம்னி வந்த பிறகும் பொழுதுபோக்குக்காக வாங்குகிறவர்கள் கூடினார்கள். வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இன்ச் தூக்கலாம்?"

அண்ணன் கேட்ட இடத்தில், "மூணு இன்ச் தூக்கிறலாங்க" என்றார்கள். பழைய ஷேக்கிளைக் கழற்றி நீளமான ஷேக்கிளை மாட்டினார்கள். பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகச் செருகினார்கள். ஒரே நாளில் வேலை முடிந்தது. ஜீப் கம்பீரமாகத்தான் நின்றது. போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தோம்.

மறுநாளிலிருந்து, வண்டி அறுபதைத் தொட்டால் அடியில் ஒரு நடுக்கம்.

உயரத்தால் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன?

முதலில் நியாயமாகப் பேசிவிடுவோம். வண்டியை உயர்த்துவதில் பலன் இருக்கிறது.

மேடான இடத்தில் ஏறும்போது முன் பம்பர் முட்டாமல் எவ்வளவு சரிவைத் தொட முடியும் என்பது அப்ரோச் ஆங்கிள். இறங்கும்போது பின்பக்கம் இடிக்காமல் இருப்பதற்கான கோணம் டிபார்ச்சர் ஆங்கிள். வாய்க்கால் கரை மாதிரி கூரான மேட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாமல் போவதற்கு ரேம்ப் ஆங்கிள். 2020-ல் வந்த மூன்று கதவு தாருக்கு இவை முறையே 41.8, 36.8, 27 டிகிரி. தரையிலிருந்து இடைவெளி 226 மி.மீ.

இதில் ரேம்ப் ஆங்கிள் உயரத்தை மட்டும் நம்பி இருப்பதில்லை. ஜிம்னியைப் பாருங்கள். வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு ஜிம்னிக்கும், இங்கே விற்கும் ஐந்து கதவு ஜிம்னிக்கும் தரை இடைவெளி ஒன்றுதான், 210 மி.மீ. ஆனால் நம் ஊர் ஜிம்னிக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் 34 செ.மீ. அதிகம். அதனாலேயே ரேம்ப் ஆங்கிள் 28 டிகிரியிலிருந்து 24 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீளக் கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வது மாதிரிதான். கால் உயரம் ஒன்றாக இருந்தாலும் நீளம் கூடினால் நடுப்பகுதி தரைக்கு நெருக்கமாகிறது.

ஸ்பிரிங்கை உயர்த்தினால் இந்த மூன்று கோணமும் கூடும். பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இருக்கவும் இடம் கிடைக்கும். இதெல்லாம் வரவு.

ஆனால், பழைய ஜீப் மாதிரி இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்பு ஆக்சில் இணைக்கும் வண்டிகளில், தரைக்கு மிக நெருக்கமாக இருப்பது எது? ஆக்சிலின் நடுவில் உருண்டையாகப் புடைத்திருக்கும் டிஃப்ரன்ஷியல். அந்த ஆக்சில் டயரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் தாங்குவது அதற்கு மேலே இருக்கும் சேசிஸை. ஸ்பிரிங்கை நீங்கள் மூன்று இன்ச் உயர்த்தினாலும், ஆறு இன்ச் உயர்த்தினாலும் டிஃப்ரன்ஷியல் ஒரு நூல்கூட உயராது! அது உயர வேண்டுமென்றால் டயர் பெரிதாக வேண்டும். டயரின் விட்டம் இரண்டு இன்ச் கூடினால் டிஃப்ரன்ஷியல் ஒரு இன்ச் உயரும். அவ்வளவுதான்.

பாதையில் நடுவே துருத்தும் கல்லில் டிஃப்ரன்ஷியல் இடிக்கிறதே என்று ஸ்பிரிங்கை உயர்த்தினால், அந்தக் கல் அப்படியே இடிக்கும். "இது தெரிஞ்சிருந்தா பாதி காசு மிச்சமாயிருக்கும்" என்று அண்ணன் இன்றைக்கும் புலம்புகிறார்.

ஷாஃப்டுக்கு என்ன ஆகிறது?

இன்ஜினும் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் சேசிஸோடு சேர்ந்தவை. வண்டியை உயர்த்தினால் அவையும் உயரும். பின் ஆக்சில் மட்டும் கீழேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற ஷாஃப்ட் முன்பைவிடச் சரிவாகத் தொங்கும்.

எவ்வளவு சரிவு? ஒரு சின்னக் கணக்கு. ஷாஃப்ட்டின் நீளம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இன்ச், அதாவது ஐந்து செ.மீ. உயர்த்தினால் சரிவு சுமார் 3.6 டிகிரி கூடும். நாலு இன்ச் என்றால் ஏழு டிகிரி. அதே இரண்டு இன்ச்சை 150 செ.மீ. ஷாஃப்ட் உள்ள நீளமான பிக்-அப்பில் உயர்த்தினால் இரண்டு டிகிரிக்கும் குறைவுதான். "பக்கத்து வீட்டு பிக்-அப்பை நாலு இன்ச் தூக்கியிருக்காங்க, ஒண்ணும் ஆகல" என்று குட்டை ஜீப்பில் அதையே செய்வது ஏன் ஆபத்து என்று இப்போது புரியும். முன் ஷாஃப்ட் குட்டையாக இருந்தால் அங்கே நிலைமை இன்னும் மோசம்.

அடுத்தது யூ.ஜே. கிராஸ். கூட்டல் குறி போல இருக்கும் இரும்புத் துண்டு, நாலு முனையிலும் ஊசி பேரிங். வளைந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் வேலை இதற்கு. இதைப் பற்றி இத்தாலியின் கார்டானோ 16-ம் நூற்றாண்டிலும், இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 17-ம் நூற்றாண்டிலும் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கும் இதற்கு கார்டன் ஜாயின்ட், ஹூக் ஜாயின்ட் என்று அவர்கள் பெயர்தான்.

இந்த ஜாயின்டுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. வளைவோடு சுற்றும்போது, உள்ளே வரும் வேகம் சீராக இருந்தாலும் வெளியே போகும் வேகம் சீராக இருக்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். 5 டிகிரி வளைவில் இந்த ஏற்ற இறக்கம் அரை சதவிகிதம்கூட இல்லை. 10 டிகிரியில் ஒன்றரை சதவிகிதம் கூடும், அதே அளவு குறையும். 20 டிகிரியில், 1,000 சுற்று வேகத்தில் உள்ளே போனால் வெளியே 940-க்கும் 1,064-க்கும் நடுவே ஊசலாடும். கோணம் இரண்டு மடங்கானால் குலுக்கல் ஏறக்குறைய நாலு மடங்கு!

திருப்பூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஆக்சில் விகிதம் 4.5 உள்ள ஒரு ஜீப்பின் ஷாஃப்ட் நிமிஷத்துக்குச் சுமார் 2,000 சுற்று சுற்றும். சுற்றுக்கு இரண்டு உதறல் என்றால் நிமிஷத்துக்கு 4,000. ஓவர்லாக் மெஷின் நிமிஷத்துக்கு 5,000 தையலுக்கு மேல் ஓடும். ஏறக்குறைய அந்த வேகத்தில் உங்கள் சீட்டுக்கு அடியில் ஓர் இரும்புத் தண்டு உதறிக்கொண்டிருக்கிறது.

ஓவர்லாக்கில் ஊசி அடிக்கடி உடைந்தால் அனுபவமுள்ள டெய்லர் என்ன செய்வார்? ஒரு ஊசி மாற்றுவார், இரண்டாவது ஊசி மாற்றுவார். மூன்றாவதும் உடைந்தால் மெஷினை நிறுத்திவிட்டு, லூப்பர் செட்டிங்கைப் பார்க்கச் சொல்வார். நாங்கள் மூன்றாவது கிராஸ் உடையும்வரை கிராஸை மட்டும்தான் மாற்றிக்கொண்டிருந்தோம்.

போனை எடுத்து ஷாஃப்டில் வைத்தார்

அன்றைக்கு ஜீப்பைக் கயிறு கட்டித் தோட்டத்துக்கு இழுத்துப்போனது ஒரு டிராக்டர். அந்த டிராக்டருக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் சாயங்காலம் வந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். அடியில் படுத்துப் பார்த்தவர் எழுந்து கேட்ட முதல் கேள்வி, "கிராஸை மாத்துனீங்க செரி. கோணம் பாத்தீங்களா தம்பி?"

அண்ணன் விழித்தார்.

"உங்க போனைக் குடுங்க."

போனில் மட்டம் பார்க்கும் வசதி இருக்கிறதே, சுவரில் படம் நேராக இருக்கிறதா என்று பார்ப்போமே, அதைத் திறந்தார். புது கிராஸைப் போட்டு ஷாஃப்டை மாட்டி, சமதளத்தில், நாலு டயரும் தரையில் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும்படி நிறுத்தினார். மூன்று இடத்தில் போனை வைத்து அளந்தார். டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையின் சாய்வு 4 டிகிரி. ஷாஃப்ட்டின் சரிவு 13 டிகிரி. டிஃப்ரன்ஷியல் முனையான பினியனின் சாய்வு 9 டிகிரி.

"மேல ஒம்பது டிகிரி மடங்கியிருக்கு, கீழ நாலு டிகிரி மடங்கியிருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்கோணும் தம்பி. அப்பத்தான் மேல வர்ற உதறலைக் கீழ இருக்கற கிராஸ் அடிச்சு சமன் பண்ணும்."

இதுதான் விஷயத்தின் உயிர். இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிராஸ் உள்ள ஷாஃப்டில், டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையும் பினியன் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அப்போது இரண்டு கிராஸும் ஒரே அளவு மடங்கும். மேல் கிராஸ் கெடுத்த வேகத்தைக் கீழ் கிராஸ் சரி செய்யும். பினியனுக்குச் சீரான சுழற்சி போய்ச் சேரும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருப்பது நல்லது.

எங்கள் ஜீப்பில் அந்த இணைப்பொருத்தம் கெட்டது எப்படி? நீள ஷேக்கிளால். ஷேக்கிள் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் மட்டும்தான் இருக்கிறது. அதை நீளமாக்கினால் ஸ்பிரிங்கின் அந்த முனை மட்டும் கீழே தள்ளப்படும். நடுவில் இருக்கும் ஆக்சிலுக்கு அதில் பாதி உயரம்தான் கிடைக்கும். கூடவே ஸ்பிரிங்கே சாய்ந்துவிடும். ஸ்பிரிங் சாய்ந்தால் ஆக்சிலும் சுழலும், பினியனின் மூக்கு மேல்நோக்கிப் போகும். வண்டி உயர்ந்தது நம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆக்சில் சுழன்றது தெரியவில்லை.

முன் ஆக்சிலில் இதையே செய்தால் இன்னொரு தொல்லை. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் ஓரளவு நேராகப் போகிறது. ஜீப்பிலும் அப்படி ஒரு சாய்வு உண்டு, கேஸ்டர் என்பார்கள். ஆக்சில் சுழன்று கேஸ்டர் குறைந்தால், வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. நேர் ரோட்டிலும் வண்டி அங்கும் இங்கும் அலையும்.

ஹேண்ட்பிரேக் ஏன் பிடிக்கவில்லை?

அன்று என்னை அதிகம் பயமுறுத்தியது இதுதான். மெக்கானிக் சொன்ன பதில் அதைவிடப் பயமுறுத்தியது.

வில்லிஸ் வழியில் வந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தில் இருக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் வைத்து அதைப் பிடிப்பார்கள். ஷாஃப்ட் நின்றால் சக்கரம் நிற்கும். அந்த ஷாஃப்டே கழன்றுவிட்டால்? டிரம்மைப் பிடித்தாலும் சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்ஜின் பிரேக்கிங்கும் கிடையாது. எங்கள் வண்டி கீழே உருண்டது அதனால்தான்.

அது தாராபுரம் ரோட்டின் லேசான ஏற்றம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் நடந்திருந்தால்? அண்ணி அன்று முழுக்க எதுவும் பேசவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தென்னந்தோப்பில் நடந்துகொண்டே இருந்தார்.

புது வண்டிக்கும் இந்தக் கணக்கு உண்டா?

உண்டு. இடம்தான் வேறு.

புது தாரின் முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். இரண்டு முன் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். டிஃப்ரன்ஷியல் சேசிஸோடு நிற்கும். இங்கே உயர்த்தினால், டிஃப்ரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இரண்டு குட்டை ஷாஃப்டுகள் கீழ்நோக்கி மடங்கும். அவற்றின் சி.வி. ஜாயின்ட் வேகத்தைச் சீராகக் கடத்தும், ஆனால் அதற்கும் மடங்கும் எல்லை உண்டு. எப்போதும் எல்லைக்குப் பக்கத்திலேயே ஓடினால் ரப்பர் பூட் கிழியும், கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும். பால் ஜாயின்டும் அதன் கடைசி எல்லையில் வேலை செய்யும். காரின் அடியில், சக்கரத்துக்கு உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் உடனே கவனியுங்கள்.

ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே ஆக்சில்தான், காயில் ஸ்பிரிங். காயிலை உயரமாக மாற்றினால் முன் ஆக்சில் சற்றே சுழன்று கேஸ்டர் குறையும். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் ராடு ஒரு வில் போல நகர்வதால், வண்டி உயரும்போது ஆக்சில் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஸ்பிரிங் மட்டும் வாங்கிப் போட்டால் பாதி வேலைதான் முடிந்தது. கேஸ்டரைச் சரி செய்யும் புஷ், நீளம் மாற்றக்கூடிய ராடு எல்லாம் சேர்ந்தால்தான் முழு வேலை.

எந்த வண்டியானாலும் இரண்டு விஷயம் பொது. ஒன்று, பிரேக் ஹோஸ். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பழைய நீள ஹோஸ் விறைப்பாக இழுபட்டால் என்றாவது ஒருநாள் அறுந்துவிடும். இரண்டு, கவிழும் அபாயம். இரண்டு சக்கரத்துக்கு நடுவே 1.5 மீட்டர் அகலமும், எடையின் மையம் 70 செ.மீ. உயரத்திலும் உள்ள ஒரு வண்டி, கணக்குப்படி 47 டிகிரி பக்கவாட்டுச் சரிவுவரை தாக்குப்பிடிக்கும். மையம் 77 செ.மீ.க்கு உயர்ந்தால் அது 44 டிகிரி. இது அசையாமல் நிற்கும் வண்டிக்கான கணக்கு. ஓடும் வண்டியில், ஸ்பிரிங் அமுங்கும்போது, வளைவில் திருப்பும்போது, அந்த எல்லை இன்னும் வெகு சீக்கிரம் வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182-ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் வண்டி உரிமையாளருக்குக் கிடைக்கலாம்.

'எல்லோரும்தான் போட்டிருக்காங்க' என்பது போலீஸ் நிறுத்தும்போதும் உதவாது, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போடும்போதும் உதவாது. உங்கள் வண்டி டி.என். 39-ஆக இருந்தாலும், 42-ஆக இருந்தாலும், தாராபுரத்தின் 78-ஆக இருந்தாலும் வேலையை ஆரம்பிக்கும் முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இன்னொன்று. திருப்பூர் மாவட்டத்தின் உடுமலை, அமராவதி வனச்சரகங்கள் ஆனைமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. அங்கே அனுமதியில்லாமல் வண்டியை விடுவது குற்றம், யானைக்கும் தொல்லை. ஆஃப்-ரோடு ஆசை இருப்பவர்கள் சொந்தத் தோட்டத்திலோ, உரிமையாளர் அனுமதித்த இடத்திலோ, முறையான பயிற்சிக் களத்திலோ ஓட்டலாம். மலேசியாவில் 1997-ல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியின் இந்தியப் பதிப்பு 2014-ல் கோவாவில் தொடங்கியது. அதில் பாதி உடம்பு சேற்றில் மூழ்கி ஓடும் வண்டிகளைப் பார்த்து வீட்டு வண்டியை அப்படி மாற்றாதீர்கள். அவை போட்டிக்காகவே செய்தவை. அவற்றில் ரோல் கேஜ் உண்டு, ஓட்டுபவருக்கு ஹெல்மெட் உண்டு. நம் வண்டியில் பாப்பா உண்டு.

உயர்த்துவதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. எங்கே இடிக்கிறது? பம்பரா, வயிறா, டிஃப்ரன்ஷியலா? டிஃப்ரன்ஷியல் என்றால் ஸ்பிரிங் லிஃப்ட் உதவாது.

2. இப்போதைய கோணம் என்ன? வேலைக்கு முன்னாலேயே மூன்று இடத்திலும் அளந்து, போனில் போட்டோவாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள்.

3. எந்த முறையில் உயர்த்தப்போகிறார்கள்? நீள ஷேக்கிள் விலை குறைவு, ஆக்சிலைச் சுழற்றும். சரியான வளைவுள்ள முழு ஸ்பிரிங் செட் விலை அதிகம், கோணத்தைக் கெடுப்பது குறைவு.

4. ஷாஃப்ட் நீளம் போதுமா? உயர்த்தினால் ஷாஃப்டின் பல் சேரும் பகுதி வெளியே இழுபடும். உள்ளே போதுமான பிடிப்பு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது அடையாளம் வைத்தார்களா? இரண்டு முனையின் கவைகளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒரு பல் மாறி மாட்டினாலும் நடுக்கம் வரும்.

6. பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர், பம்ப் ஸ்டாப் மூன்றும் புது உயரத்துக்கு ஏற்றபடி மாறுகிறதா?

இந்த ஆறுக்கும் பதில் சொல்லாமல், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

ஒன்றரை இன்ச் போதும்

எங்கள் ஜீப் கதை எப்படி முடிந்தது?

நீள ஷேக்கிளைக் கழற்றிப் பழைய ஷேக்கிளையே மாட்டினோம். செருகிய பட்டையையும் எடுத்துவிட்டு, வண்டி ஒன்றரை இன்ச் மட்டும் உயரும்படி வளைவு கொடுத்த ஸ்பிரிங் செட் போட்டோம். பினியன் 4 டிகிரிக்குத் திரும்பியது. டிரான்ஸ்ஃபர் கேஸும் 4 டிகிரி. ஷாஃப்ட் சரிவு 11. ஆக, மேலேயும் 7, கீழேயும் 7. ஷாஃப்டை லேத் பட்டறையில் கொடுத்து பேலன்ஸ் பார்த்து, நீளத்தையும் சரி செய்து வாங்கினோம்.

"ஏழு டிகிரியும் ஜாஸ்திதான் தம்பி. நடுவுல இருக்கற ஷாஃப்ட் ஆடத்தான் செய்யும். அறுபதுக்கு மேல போகாதீங்க. மாசம் ஒருக்கா கிராஸுக்கு கிரீஸ் அடிங்க" என்றார் அந்தப் பெரியவர். அவர் வாங்கிய கூலி, அண்ணன் அந்த மூன்று கிராஸுக்குச் செலவு செய்ததைவிடக் குறைவு. ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் கடிதம் எழுதும் வேலையை அண்ணன் என் தலையில் கட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே ரோடு. முதலில் அண்ணனும் நானும் மட்டும் ஒரு சுற்று போய்வந்தோம். ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. அண்ணன் என் பக்கம் திரும்பி, "ஆடுதா?" என்றார். டேஷ்போர்டில் வைத்திருந்த தண்ணி பாட்டிலைக் காட்டினேன். அது அப்படியே நின்றது.

வீட்டுக்கு வந்து ஹாரன் அடித்தோம். அண்ணி வாசலுக்கு வந்தார். ஏறவில்லை. கையை நீட்டி, "போனைக் குடுங்க" என்றார். மட்டம் பார்க்கும் பக்கத்தைத் திறந்து அண்ணனிடமே திருப்பிக் கொடுத்து, "வெச்சுக் காட்டுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்குதான்னு நான் பாக்கோணும்" என்றார்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சட்டையோடு, வாசலில், ஜீப்புக்கு அடியில் படுத்தார்.

*அடுத்த வாரம்: பழைய வண்டிக்கு எஃப்.சி. எடுக்கப் போகும்போது வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியவை.*